ரிசர்வ் சைட்டில் நடந்தவள்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே கற்பகவல்லி நகர் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. மனை பிரித்த காலத்தில் பூங்காவுக்கென்று விட்டுவைத்து, பூங்கா ஒருநாளும் வராமலே போன நாலே முக்கால் ஏக்கர் காலியிடம் அதன் நடுவில் கிடந்தது. அதை எல்லோரும் ரிசர்வ் சைட் என்றார்கள். கிழக்கு ஓரத்துக் குழாயடியிலிருந்து மேற்கு ஓரத்துச் சுவர் வரைக்கும் நடந்தால் சாதாரண ஆளுக்கு நாலு நிமிடம், மூட்டுவலிக்காரர்களுக்கு ஆறு நிமிடம், பந்தைத் துரத்தும் பிள்ளைகளுக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். சித்திரை மாதத்தில் ஒரு மாடிப் போர்ஷனுக்கு வாடகைக்கு வந்த இந்திராணிக்கு மட்டும் போய்த் திரும்ப நாலு மணி நேரம் ஆனது.

இந்திராணி மோட்டார் பம்பு கம்பெனியில் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிறவள். முப்பத்து நாலு வயது. புருஷன் வடக்கே லாரி ஓட்டிக்கொண்டு மாதத்துக்கு ஒருமுறை துணி மாற்ற வந்துபோவான். அவளுக்கு மத்தியான ஷிப்ட் என்பதால் காலையில் ஆறு மணிக்குக் குழாயடியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்குவாள். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அவள் சிறுத்துக்கொண்டே போவது தெரியும். சுவர் அங்கேதான் நிற்கும், சுவருக்கு இந்தப் பக்கம்தான் அவளும் இருப்பாள், ஆனாலும் அவள் விரல் அளவாகி, உளுந்து அளவாகி, அப்புறம் கண்ணுக்குத் தட்டுப்படாமல் போய், பத்து மணிக்கு வெயிலில் கறுத்த முகமும் முழங்கால் வரை புழுதியும் சேலை ஓரமெல்லாம் நாயுருவி விதையுமாகத் திரும்பி வருவாள்.

"அப்படி என்னம்மா இருக்குது அங்க?" என்று முதல் வாரம் எல்லோரும் கேட்டார்கள்.

"ஒண்ணுமில்லீங்க. வெறும் எடந்தானுங்க. காத்தடிக்குது. ஆவாரம் பூத்துக் கெடக்குது. நடந்துட்டே இருந்தா ஒரு மேடு வருது, அதுல ஏறுனா இன்னும் எடம் தெரியுது."

நகர் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் லாரி எந்த நாளில் வரும், எந்தத் தெருவில் நாய் துரத்தும் என்பதைப் போல இதையும் தெரிந்துவைத்துக்கொண்டது. பெண்கள் தங்கள் நடைப்பயிற்சியை அரை மணி நேரம் தள்ளிப்போட்டார்கள், அவள் சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்துவிட்டு நடந்தால் கால் இலேசாக இருக்கிறது என்றார்கள். பிள்ளைகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போய்ப் பார்த்தார்கள். பத்தாவது எட்டு வைக்கும்போது கை நழுவும், நாலாவது நிமிடத்தில் பிள்ளைகள் சுவரை முட்டிக்கொண்டு நிற்பார்கள். மளிகைக்கடை அன்வர் பாய் ஒரு பன்னும் தண்ணீர் பாட்டிலும் தினமும் கொடுத்தனுப்பினார். அவள் போகிற வழியில் கிடந்தவற்றையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்தாள்: பத்து வருடத்துக்கு முன்னால் காணாமல் போன கிரிக்கெட் பந்துகள், ஒற்றைக் கொலுசு, யாரோ ஒருத்தியின் கல்யாண மோதிரம், அன்வர் பாய் கை நழுவவிட்ட கிடாயின் கழுத்து மணி. எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் குழாயடித் திட்டில் வைப்பாள். அவரவர் வந்து அவரவருடையதை எடுத்துப்போவார்கள்.

அந்தத் திட்டுக்கு முன்னால் தினமும் வந்து நின்று, எதையும் எடுக்காமல் திரும்பிப் போனவள் வசந்தாமணி ஒருத்திதான். அவள் வாழ்க்கையில் எதையும் தொலைத்ததில்லை.

வசந்தாமணிக்கு அறுபது வயது. தொலைபேசி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். குடியிருப்போர் சங்கச் செயலாளர். எட்டு வருடத்துக்கு முன்னால், மனை பிரித்தவருடைய பேரன் வந்து அந்த நிலத்தை யாருக்கும் எழுதிக் கொடுக்கவே இல்லை என்று சொல்லி ஒரு கட்டடக் கம்பெனிக்கு விற்றுவிட, கம்பெனி வந்து ஐந்து மாடி, இருநூற்றுப் பன்னிரண்டு வீடு என்று படம் போட்ட பலகையை நட்டபோது, அதைக் கடப்பாரையால் தோண்டிப் பிடுங்கிப்போட்டவள் அவள். கேஸ் போட்டவள் அவள். கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறி இறங்கி, சிலர் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே பேசி அனுப்பியதைப் பொறுத்துக்கொண்டவள் அவள். நாற்பத்தாறு மனு எழுதியவள் அவள். அந்த எட்டு வருடத்தில் அவள் சர்க்கரைக்காரி ஆனாள், ஒரே மகளின் பிரசவத்துக்குப் பெங்களூர் போகாமல் வாய்தாவுக்குப் போய் நின்றாள், அந்தக் கோபத்தில் மகள் இரண்டு வருடம் பேசவில்லை. இத்தனைக்கும் பிறகு, ஒரு கையெழுத்துக்கூடப் போடாத, நேற்று வந்த ஒரு வாடகைக்காரிக்கு, அதுவும் தற்செயலாகச் செருப்பைக் கழற்றியவளுக்கு, அந்த நிலம் தன்னை விரித்துக் காட்டியது.

வசந்தாமணி இதை யாரிடமும் சொல்லவில்லை. முயன்று மட்டும் பார்த்தாள். ஊர் அடங்கிக் கிடக்கும் மத்தியான வெயிலில் குழாயடியிலிருந்து நடந்தாள், நாலு நிமிடம். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். நாலு நிமிடம், பாதத்தில் கொப்புளம். இந்திராணி கட்டுவது போன்ற ஊதாப்பூப் போட்ட நைலக்ஸ் சேலையை டவுன்ஹாலில் தேடி வாங்கிக் கட்டிக்கொண்டு நடந்தாள். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். கடைசியில் ஒருநாள், நடுவில் நின்று, தன்னந்தனியாக, தாழ்ந்த குரலில், "எட்டு வருசம். எட்டு வருசம் நான் உனக்காக அலஞ்சிருக்கறேன்" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு நடந்தாள். நாலு நிமிடத்தில் சுவர் வந்தது.

"வெயில்ல எங்க போன? மூஞ்சி செவந்து கெடக்குது" என்றார் அவள் கணவர் தெய்வசிகாமணி.

"கரண்ட் பில்லு கட்ட."

"அத நான் திங்கக்கிழமையே கட்டிட்டனே."

அவள் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டாள். ஊதாப்பூச் சேலையை மடித்து அலமாரியின் அடித்தட்டில், பழைய போர்வைகளுக்குக் கீழே வைத்தாள்.

ஆனி மாதம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சன்னல்களை அடித்துக்கொண்டிருந்தபோது, கோர்ட் அனுப்பிய கமிஷனர் நிலத்தை அளக்க வந்தார். கூட ஒரு சர்வேயர், இரண்டு உதவியாட்கள், ஐம்பது மீட்டர் டேப். ஆறு தடவை போட்டால் முடிந்துவிடும் நீளம். இந்திராணி அப்போது உள்ளே நடந்துகொண்டிருந்தாள். சர்வேயர் காலை ஏழு மணியிலிருந்து டேப்பைப் போட்டுப் போட்டு எடுத்தார், நூற்றுப் பத்தாவது தடவைக்கு அப்புறமும் சுவர் அதே தூரத்தில் நின்றது. டேப்பைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு நடந்தால் சுவரைத் தொட முடிந்தது. டேப்பைக் கையில் எடுத்தால் முடியவில்லை. கமிஷனர் ஒன்பதரைக்கே மோர் வாங்கிக் குடித்துவிட்டு, 'அளக்க இயலவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார். ஆடியில் மறுபடி வந்தார்கள், மறுபடி அதே கதை. அளக்காமல் கோர்ட் ஒரு முடிவுக்கும் வராது, முடிவு வராமல் கம்பெனி ஒரு செங்கல்கூட வைக்க முடியாது.

அன்வர் பாய்தான் முதலில் கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டவர். "அந்தப் பொண்ணு உள்ள இருக்கறவரைக்கும் எந்தக் கொம்பனும் அளக்க முடியாதுங்க" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அன்றிலிருந்து நகர் இந்திராணியைத் தூக்கிவைத்துக்கொண்டது. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றமாட்டேன் என்றார். குழாயடியில் வரிசையில் நிற்காமல் குடம் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். சங்கக் கூட்டத்தில் அவளுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள், அவள் அதில் நுனியில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தாள். யாரோ ஒருவர் எழுந்து, "எட்டு வருசமா நடக்காதது இந்தம்மா வந்து நாலு மாசத்துல நடந்துருச்சு" என்றபோது கைதட்டல் எழுந்தது. மேசைக்குப் பின்னால் தீர்மான நோட்டைத் திறந்து வைத்திருந்த வசந்தாமணியும் கைதட்டினாள். தட்டிய கை கொஞ்ச நேரம் எரிந்தது.

அந்த வாரம் கோர்ட்டு வராந்தாவில் கம்பெனி மேனேஜர் ஜெயச்சந்திரன் அவளிடம் வந்தார். எட்டு வருடமாக எதிரெதிரே நின்று அவர்களுக்குள் ஒரு மரியாதை வந்திருந்தது.

"மேடம், அடுத்த அளவைக்கு ரெண்டு தரப்பும் சேந்து ஒரு தேதி சொல்லணுமாம். உங்களுக்கு எது தோதுங்க?"

வசந்தாமணி பையிலிருந்து நாட்காட்டியை எடுத்தாள். நாட்காட்டியைப் பார்க்கத் தேவையே இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"பதினெட்டாந் தேதி. திங்கக்கிழமை."

"அந்தப் பொண்ணு...?"

"அன்னிக்கு அவ இருக்கமாட்டா," என்றாள் வசந்தாமணி. சொன்ன பிறகு வாய்க்குள் துருப்பிடித்த இரும்பை வைத்தது போல இருந்தது. ஜெயச்சந்திரன் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, நன்றி என்றுகூடச் சொல்லாமல் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

நோட்டீஸ் சங்கச் செயலாளர் பேருக்குத்தான் வரும். வந்தது. அவள் அதைப் பிரிக்காமல் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடியேறி இந்திராணியின் கதவைத் தட்டினாள். செயலாளரே வீடு தேடி வந்திருக்கிறாள் என்று இந்திராணி பதறி, இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"நாளைக்குக் கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கற நாளு. மனு எழுதி வச்சிருக்கறேன். இந்தத் தடவ நீ கொண்டுபோய்க் குடு. நீ போனா நடக்கும்."

கடைசி மூன்று வார்த்தைகளை வசந்தாமணி வேண்டுமென்றே கசப்பாகச் சொன்னாள். இந்திராணிக்கு அதில் கசப்பு தெரியவில்லை. அவள் இரண்டு கையாலும் மனுவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எனக்கு அங்கெல்லாம் பேசத் தெரியாதேக்கா."

"கேட்டா, உள்ளத சொல்லு."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இந்திராணி பஸ் ஏறினாள், எட்டரைக்குக் கமிஷனர் வந்தார். டேப் ஆறாவது தடவையில் சுவரைத் தொட்டது. அந்த நொடியில் வசந்தாமணிக்குள் ஒரு சந்தோஷம் குதித்தது, மறைக்க முடியாத சந்தோஷம். எல்லோருக்கும் இது நாலே முக்கால் ஏக்கர்தான், ஒருத்திக்கு மட்டும் கூடுதலாக ஒன்றும் இல்லை என்று உலகத்துக்கே கேட்க யாரோ சொன்னது போல இருந்தது. அது தீர்வதற்குள் சுண்ணாம்புக் கோடு விழத் தொடங்கியது. கம்பெனி ஆட்கள் லாரியிலிருந்து எல்லைக் கல்லை இறக்கினார்கள். அன்வர் பாய் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து, "அம்மா, என்னங்கம்மா இது, சொல்லவே இல்லையே, அந்தப் பொண்ணு எங்கீங்க?" என்று கத்தினார். வசந்தாமணி கோட்டுக்குள் ஓடினாள். ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். பெண்கள் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆனால் கமிஷனரின் நோட்டில் அளவு ஏறிவிட்டது. யார் எங்கே உட்கார்ந்தாலும் அதை இனி அழிக்க முடியாது.

மத்தியானம் இந்திராணி பஸ்ஸிலிருந்து இறங்கி ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"அக்கா, கலெக்டரம்மா அவங்க கையிலயே வாங்குனாங்கக்கா! அந்த எடத்துல என்ன இருக்குதுன்னு கேட்டாங்க. ஒண்ணுமில்லீங்கம்மா, வெறும் எடந்தான், அதுதான் வேணும்னு கேக்கறோம்னு சொன்னனுங்க. சிரிச்சுப்போட்டுப் பச்சை மையில என்னமோ எழுதுனாங்க..."

அப்புறம்தான் அவள் கற்களைப் பார்த்தாள். சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள்.

"இன்னிக்கா அளந்தாங்க?"

"திடீர்னு வந்துட்டாங்க," என்றாள் வசந்தாமணி.

இந்திராணி ரசீதை மடித்து அவளிடம் கொடுத்துவிட்டு, மத்தியான ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள்.

பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. வசந்தாமணியின் நாற்பத்தாறு மனுக்களைப் பெட்டியில் போட்டு மூடிய அதே அலுவலகத்தில் அந்தப் பச்சை மைக்கு மட்டும் கால் முளைத்தது. அது தாலுகாவுக்குப் போய், தாலுகாவிலிருந்து பழைய பஞ்சாயத்துக் கட்டடத்துக்குப் போய், எலி கடித்த கட்டுகளைப் பிரிக்கவைத்து, நாற்பது வருடத்துக்கு முன்னால் எழுதிக்கொடுத்த தானப் பத்திரத்தை வெளியே எடுத்தது. பத்திரத்தில் இருந்தது நாலு ஏக்கர். கோர்ட் பத்திரத்தையும் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. நாலு ஏக்கர் பொதுவுக்கு. மிச்சமாக அளவில் வந்த தென்மேற்கு மூலை முக்கால் ஏக்கர் கம்பெனிக்கு. அளக்காமலே இருந்திருந்தால் அந்த மிச்சம் கோர்ட்டின் கணக்கில் ஏறியிருக்காது. தை மாதத்தில் அந்த மூலையில் அஸ்திவாரம் தோண்டினார்கள்.

நகர் நாலு ஏக்கருக்காக விழா எடுத்தது. ரிசர்வ் சைட்டில் சாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளும் மைக்கும் வைத்து, இந்திராணிக்குப் பொன்னாடை போர்த்துவது என்று முடிவானது. போர்த்த வேண்டியவர் செயலாளர்.

வசந்தாமணி பொன்னாடையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எதிரே இந்திராணி, அதே ஊதாப்பூச் சேலையில், தலையைக் குனிந்து தோளைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்தபோது, இந்தப் பெண் எட்டு வருடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், இப்போது மனுவையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று வசந்தாமணிக்குத் தோன்றியது. கூடவே, இனிமேலும் இதைச் சுமக்க முடியாது என்றும் தெரிந்தது. மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அளக்க வர்ற தேதிய கம்பெனிக்குச் சொன்னது நான்தான். நோட்டீஸ ஒளிச்சு வச்சதும் நான்தான். இந்தப் பொண்ணு இங்க இருக்கக் கூடாதுன்னுதான் கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்புனேன். அந்த முக்கால் ஏக்கரு என்னாலதான் போச்சு."

மைக் ஒருமுறை கீச்சிட்டது. முன்வரிசையில் தெய்வசிகாமணி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாததால் அன்வர் பாய் எழுந்து, இருந்த மிக்சரையும் காபியையும் பரிமாறத் தொடங்கினார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு, மழைக்கு ஒதுங்கியவர்கள் போல, மிக்சரைத் தின்றார்கள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் வசந்தாமணியிடம் யாரும் பேசவில்லை. சங்கத்து அறைச் சாவியை அவளாகவே கொண்டுபோய் அன்வர் பாயிடம் கொடுத்தாள், அவர் வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த ஆளுக்குப் பருப்பு நிறுக்கத் திரும்பிக்கொண்டார். நாலாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்திராணி வந்தாள். உள்ளே வராமல் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்கா அப்படிப் பண்ணுனீங்க? நான் என்னக்கா பண்ணுனேன் உங்கள?"

வசந்தாமணி கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். "பொறாம," என்றாள். "வேற ஒண்ணுமில்ல. பொறாம."

"யார் மேலங்க?"

"உம்மேலதான்."

இந்திராணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மகள் ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிற, சொந்த வீடு உள்ள, ஓய்வூதியம் வாங்குகிற, கோர்ட்டில் வக்கீல்களே எழுந்து வணக்கம் சொல்கிற இந்தப் பெண்ணைப் பார்த்தாள். அப்புறம் சிரிப்பு வந்தது அவளுக்கு. அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அது சிரிப்பாகவே நிற்காமல் வேறாக மாறியது.

"எம்மேல இதுவரைக்கும் யாருமே பொறாமப்பட்டதில்லீங்கக்கா. என்ற தங்கச்சிகூடப் பட்டதில்ல."

வசந்தாமணி தாழ்ப்பாளை நீக்கினாள். கேட்டைத் திறந்தாள். இந்திராணி உள்ளே வந்து படியில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கட்டடம் ஏறுனதுல இருந்து நான் நடக்கறப்ப ஒரு நெழலு கூடவே வருதுங்க," என்றாள். "எவ்வளவு தூரம் போனாலும் வருது. முன்ன இருந்த மாதிரி இல்ல."

"என்னாலதான்."

"உங்களாலதாங்க," என்றாள் இந்திராணி, மறுக்காமல். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணு சொல்லட்டுங்களா? எனக்கு உங்க எல்லாத்து மேலயும் பொறாமதான். வந்த நாள்ல இருந்தே. மேக்கால சுவத்துச் சந்துல பால் பூத்து இருக்குதில்ல? நீங்கெல்லாம் குறுக்கால போயி நாலு நிமிசத்துல பால் வாங்கிட்டு வந்தர்றீங்க. நான் போனா வெயிலேறிரும், பாலு தீந்துரும். ரோட்டுல சுத்திப் போனா அரை மணி நேரம், நாய் வேற. ஒரு வருசத்துக்கு மேலா நான் வரக்காப்பிதான் குடிக்கறனுங்க."

வசந்தாமணி அவளைப் பார்த்தாள்.

"ஒரு வருசத்துக்கு மேலாவா?"

"ஆமாங்க."

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு வசந்தாமணி குழாயடியிலிருந்து கிளம்பி, குறுக்கே நடந்து, தென்மேற்கு மூலையில் கம்பி நீட்டிக்கொண்டிருந்த மூன்றாவது மாடியைப் பார்க்காமல் தாண்டி, சுவர்ச் சந்தில் நுழைந்து இரண்டு பாக்கெட் பால் வாங்கினாள். பூத்துக்காரர் சில்லறையை அவள் கையில் தராமல் பலகை மேல் வைத்தார். அவரும் சங்கத்தில் உறுப்பினர். திரும்பி வருகையில் இந்திராணி எதிரே வந்தாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. "வாசப்படியில வச்சிட்டுப் போறேன்" என்றாள் வசந்தாமணி. இந்திராணி தலையாட்டிக்கொண்டு தாண்டிப் போனாள்.

வசந்தாமணி நின்று திரும்பிப் பார்த்தாள். விரல் அளவு ஆனாள், உளுந்து அளவு ஆனாள், அப்புறம் இல்லை. பொறாமை நெஞ்சுக்குள் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. ஒரு சென்ட்டுகூடக் குறையவில்லை. குளிர்ந்த பால் பாக்கெட்டின் ஈரம் சேலையில் இறங்க, மிச்ச இரண்டு நிமிடத்தை நடந்தாள்.